ரங்கூன் மரவை

தேவகோட்டை வீட்டின் இரண்டாம் கட்டில் சாமான் அறையைத் திறந்தால் முதலில் புளி வாசனை வரும். அடுத்து, புழங்காமல் கிடக்கும் பித்தளையின் வாசனை. மூன்றாவதாக ஒன்று வரும்: கொஞ்சம் புகை, கொஞ்சம் பழைய எண்ணெய், கொஞ்சம் மழைக்கால மண். அது ஒரு வட்டப் பெட்டியிலிருந்து வருகிறது என்பதை ஏழு வயதில் அவள் மூக்கை வைத்தே கண்டுபிடித்தாள். எதன் வாசனை என்று தெரிந்துகொள்ள இன்னும் ஐம்பது வருடம் ஆயிற்று.

சாப்பாட்டுத் தட்டின் அகலம், ஒரு சாண் உயரம். வெளியே கருஞ்சிவப்பு. சன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தால்தான் அந்தச் சிவப்பு முழுவதும் ஊசிமுனையால் கீறிய கோடுகள் என்பது தெரியும். கொடி, கொடிக்குள் பறவை, பறவைக்குப் பக்கத்தில் மண்டியிட்ட சின்னஞ்சிறு மனிதர்கள். கோடுகளுக்குள் மஞ்சளும் பச்சையும் ஒளிந்திருக்கும். மூடியைத் தூக்கினால் நடுவில் ஒரு வட்டக் குழி, அதைச் சுற்றி ஆறு அறைகள். கனமாக இருக்கும் என்று நினைத்து இரண்டு கையாலும் தூக்கினால் சட்டென்று மேலே வந்துவிடும். அவ்வளவு லேசு.

அப்பத்தா அதை மரவை என்பார். நடுக்குழியில் விபூதி. சுற்றிலும் குங்குமம், மஞ்சள், சந்தன வில்லை, களிப்பாக்கு, கிராம்பு, ஏலக்காய். “வெயில்ல வெச்சிராதே ஆத்தா. தண்ணியில கழுவிராதே. காஞ்ச துணியால தொடச்சு வை. ரங்கூன் சரக்கு அது” என்பார். அதற்கு மேல் அதைப் பற்றி அவருக்குச் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

மூடியின் ஓரத்தில் ஒரு விரல் நீளத்துக்கு மங்கலான தழும்பு உண்டு. அவளுடைய அப்பச்சி, அதாவது அப்பா, சிறு பிள்ளையாக இருக்கும்போது கீழே போட்டு விரிசல் விட்டதாம். தெருக்கோடியில் இருந்த ஆசாரி அரக்கை உருக்கி ஊற்றி, தேய்த்துக் கொடுத்தார். சிவப்பு ஒத்துப்போகவில்லை. அந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருப்பது அவளுக்கு ஒரு பழக்கம்.

அந்த வீட்டில் எல்லாப் பொருளுக்கும் ஒரு தூரதேசம் இருந்தது. தூண் பர்மாத் தேக்கு. முகப்பில் இருந்த கண்ணாடி பெல்ஜியம். சுவரில் பதித்த பூ ஓடு ஜப்பான். எனாமல் தட்டுகளுக்கும் அடுக்குகளுக்கும் மங்கு என்று பெயர். மலாய்க்காரர்கள் கிண்ணத்துக்குச் சொல்லும் மங்குக் என்ற சொல்லை அந்தப் பெயர் நினைவுபடுத்தும். அவற்றின் அடியில் ஸ்வீடன், செக்கோஸ்லோவாக்கியா முத்திரைகள். தரை மட்டும் பக்கத்து ஆத்தங்குடி. கண்ணாடிப் பலகைமேல் அச்சு வைத்து, வண்ணக் கூழை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் கல் அது. அடுப்பே தேவையில்லை, கண்ணாடியின் வழவழப்புதான் கல்லுக்கு வரும் பளபளப்பு. விருந்தாளிகளிடம் பெரியவர்கள் இந்த ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொல்வார்கள். செய்தவர்களைப் பற்றி யாரும் சொன்னதில்லை. பிள்ளைகளும் கேட்டதில்லை.

விசேஷம் என்றால் கவுனி அரிசி. தீபாவளிக் காலை, கல்யாணக் காலைப் பலகாரம், மாப்பிள்ளை விருந்து, எதுவானாலும் இலையில் கறுப்பாக ஒரு கரண்டி விழும். கறுப்பு, வேகாத அரிசியின் நிறம். வெந்தபின் அது நாவல்பழம். முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டும். காலையில் தண்ணீர் கத்திரிப்பூ நிறத்தில் நிற்கும். அதைக் கொட்டாமல் அதிலேயே வேகவைக்க வேண்டும். ஒரு பங்கு அரிசிக்கு மூன்று நான்கு பங்கு தண்ணீர். அரிசி வாய் பிளந்து குழைந்த பிறகுதான் சீனி. முன்னால் போட்டால் விறைத்துக்கொள்ளும், பிறகு எவ்வளவு விறகு வைத்தாலும் வேகாது. கடைசியில் தேங்காய்ப்பூ, நெய், ஏலக்காய்த் தூள். தேங்காய் துருவுவது அவள் வேலை.

ஒரு தீபாவளிக்கு எலுமிச்சை பிழிந்த கையோடு அந்தக் கத்திரிப்பூத் தண்ணீரைத் தொட்டுவிட்டாள். விரல் பட்ட இடமெல்லாம் ரோஜா நிறம் பரவியது. அப்பத்தா கையைத் தட்டிவிட்டார். அவளுக்கு அன்று வேறெதுவும் கண்ணில் படவில்லை. பின்னாளில் அவள் கெமிஸ்ட்ரி ஆசிரியை ஆனதற்கு அந்த நிமிடம்தான் காரணம் என்று சொன்னால் மிகையாகாது. அரிசியின் தவிட்டுத் தோலில் இருக்கும் அந்தோசயனின் என்ற நிறமி புளிப்புப் பட்டால் சிவக்கும், சோடா உப்புப் பட்டால் நீலமும் பச்சையுமாக மாறும். முப்பது வருடமும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு லிட்மஸ் தாளோடு ஒரு பாட்டில் கவுனித் தண்ணீரையும் அவள் கொண்டுபோனாள்.

கல்லூரி விடுதியில் தோழிகளிடம், “இது எங்க ஊர் மண்ணோட அரிசி, வேற எங்கேயும் கிடைக்காது” என்று பெருமையாகச் சொன்னதும் அவள்தான். விடுமுறைக்கு வந்தபோது அதையே தன் தாத்தாவான ஐயாவிடமும் சொன்னாள். ஐயா ஈசிச்சேரில் இருந்து நிமிர்ந்து பார்த்தார். “நம்ம ஊர்ல ஏது ஆத்தா கவுனி? கப்பல்ல வந்தது” என்றார்.

ஐயா பர்மாவுக்குப் போனது பதினான்கு வயதில், பெட்டியடிப் பையனாக. பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதப் பழகுகிற பையனுக்கு நகரத்தார் கடைகளில் அந்தப் பெயர். மூன்று வருடம் ஒரு கணக்கு. முடிந்தால் ஊருக்கு வந்து சில மாதம் இருந்துவிட்டு மறுபடி கப்பல். பெண்கள் பெரும்பாலும் ஊரிலேயே இருந்தார்கள். அப்பத்தா ரங்கூனைக் கண்ணால் கண்டதில்லை. மரவையும் கவுனி மூட்டையும் தந்த வாசனைதான் அவருக்குத் தெரிந்த ரங்கூன்.

ஐயா இருந்த ஊர் பியாப்போன், ஐராவதி ஆற்றின் கழிமுகத்தில். 1852-இல் ஆங்கிலேயர்கள் கீழ் பர்மாவைப் பிடித்தபோது அந்தப் பகுதியில் பெரும்பாலும் சதுப்பும் காடும்தான். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பாவுக்கு அரிசி போகும் வழி சுருங்கியது. மேல் பர்மாவிலிருந்து குடும்பம் குடும்பமாக உழவர்கள் இறங்கிவந்து, மலேரியாவுக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்து, காட்டை வெட்டிக் கழனியாக்கினார்கள். விதைக்கும் மாட்டுக்கும் அவர்களுக்குக் கடன் கொடுக்க ஆங்கிலேய வங்கிகள் முன்வரவில்லை. முன்வந்தவர்கள் செட்டியார்கள், அதாவது ஐயாவின் நகரத்தார்கள். 1930 வாக்கில் பர்மாவில் அவர்களுடைய கடைகள் ஆயிரத்துக்கும் மேல் இருந்தன. கழிமுகம் உலகின் மிகப்பெரிய அரிசிச் சந்தைகளில் ஒன்றானதில் அந்தக் கடனுக்குப் பங்கு உண்டு. இதை ஐயா பெருமையோடு சொல்வார், சொல்லத் தகுந்ததும்கூட.

அவர் சொல்லாத மீதியை அவள் புத்தகங்களில் படித்தாள். உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை ஏறக்குறையப் பாதியாக விழுந்தது. உழவர்களால் வட்டிகூடக் கட்ட முடியவில்லை. அடமான நிலங்கள் கைமாறின. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் செட்டியார்கள் வசம் இருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு. 1938-இல் அது 25 பங்கு. நிலத்தை வாங்க வேண்டும் என்று அவர்கள் போகவில்லை, பணமாகத் திரும்ப வந்தால் போதும் என்றுதான் இருந்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் காட்டை வெட்டியவனுக்கு அவன் வயல் போனது போனதுதான்.

மரவை வீட்டுக்கு வந்ததும் 1938-இல்தான். அந்த 25 பங்கு என்ற எண்ணை முதன்முதலாகப் படித்த இரவு அவள் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூன்மேல் குண்டு போட்டன. ஐயாவுக்கு ஜனவரியில் ஒரு கப்பலில் இடம் கிடைத்தது. இடம் கிடைக்காத லட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான் மலைவழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தார்கள். வழியிலேயே பல்லாயிரம் பேர் மாண்டார்கள். ஐயா கணக்குப் புத்தகங்களைத் தகரப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். 1948-இல் சுதந்திர பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் போட்டது. புத்தகங்கள் சாமான் அறையிலேயே இருந்தன. கரையான் தின்றது போக மிச்சம் இருந்ததை அவள் பார்த்திருக்கிறாள்: இன்னார், இவ்வளவு ஏக்கர், இவ்வளவு ரூபாய். பர்மியப் பெயர்கள், ஐயாவின் அழகான தமிழ்க் கையெழுத்தில்.

பர்மாவின் இன்னொரு ருசி அவளுக்குச் சென்னையில் கிடைத்தது. 1980-களின் தொடக்கம், பீச் ஸ்டேஷனுக்கு எதிரே, பர்மா பஜாரை ஒட்டிய தள்ளுவண்டி. நூடுல்ஸைக் கிண்ணத்தில் போட்டு, புளித்தண்ணீர், பூண்டெண்ணெய், வறுத்த வெங்காயம், முட்டைக்கோஸ், மிளகாய்த்தூள், கடலை மாவு எல்லாம் சேர்த்து, பேஜோ என்ற மொறுமொறு வடையை நொறுக்கிப்போட்டு, அந்த அம்மா கையாலேயே பிசைந்து கொடுத்தார். அத்தோ. பர்மிய மொழியில் அதௌக் என்றால் பிசைந்தது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வாழைத்தண்டு சூப். 1962-இல் நே வின் ஆட்சியைப் பிடித்து, அடுத்தடுத்து வங்கிகளையும் கடைகளையும் அரசுடைமையாக்கியபோது கப்பல் ஏற்றி அனுப்பப்பட்டவர்கள் இந்த அம்மாவின் குடும்பத்தைப் போன்றவர்கள். துறைமுகக் கூலிகள், சின்னக் கடைக்காரர்கள், பர்மாவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். “நகையக் கழட்டி வாங்கிட்டுத்தாம்மா விட்டாங்க. கைப்பக்குவத்தை எப்படி வாங்குவாங்க?” என்று அந்த அம்மா கேட்டார்.

அவள் அன்றைக்கு இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள்.

அப்பத்தா 1987-இல் இறந்தார். வீட்டுச் சாமான்கள் புள்ளிவாரியாகப் பிரிக்கப்பட்டன. அவரவர் வெள்ளியையும் வெண்கலத்தையும் கேட்டார்கள். அவள் மரவையைக் கேட்டாள். பத்துப் பதினைந்து வருடம் கழித்துக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் அதே மாதிரிப் பெட்டிகளைப் பார்த்தாள். மங்குத் தட்டுகளுக்கும் கொட்டான்களுக்கும் பழைய படங்களுக்கும் நடுவே அடுக்கியிருந்தார்கள். கடைக்காரர், “ரங்கூன் அரக்குங்க ஆச்சி, ஒரிஜினல்” என்றார். எப்படிச் செய்வார்கள் என்று கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை.

பணி ஓய்வு பெற்ற மறுவருடம், 2018 ஜனவரியில், பெட்டியைப் பழைய பட்டுத்துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு அவள் விமானம் ஏறினாள்.

ரங்கூனில் முதல் நாள் காலை ஷ்வே பொந்தா தெருவில் நடந்தாள். செட்டியார் கடைகள் வரிசையாக இருந்த மொகல் தெருவின் இன்றைய பெயர் அது. இரும்புக் கிராதிகள், பாசி படர்ந்த மாடங்கள். தெருமுனையில் ஒரு பெண் ஆவி பறக்கும் பானையோடு உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் கறுப்பு. கறுப்பு என்று சொல்வது தப்பு, நாவல்பழ நிறம். அவள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். என்ன பெயர் என்று சைகையில் கேட்டதற்கு அந்தப் பெண் சொன்னது கௌக்ஞின். இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். கௌக்ஞின். கவுனி. அப்பத்தா வாயில் எத்தனையோ தீபாவளிக்குக் கேட்ட சொல், கப்பலில் ஏறுவதற்கு முன் இருந்த உருவத்தோடு எதிரே வந்து நின்றதாகவே அவளுக்குத் தோன்றியது.

வாழை இலைத் துண்டில் வைத்து, மேலே தேங்காய்ப்பூவும், உப்புச் சேர்த்து இடித்த எள்ளும் தூவிக் கொடுத்தாள் அந்தப் பெண். சீனி இல்லை, நெய் இல்லை. ஆவியில் வெந்ததால் பருக்கை பருக்கையாக நின்று, ஆனாலும் கையில் ஒட்டியது. அமைலோஸ் என்ற மாவுச்சத்து ஏறக்குறைய இல்லாத அரிசி, அதனால் வந்த பசை. விருந்துக்கு மட்டும் பிறந்தது என்று அவள் நினைத்திருந்த அரிசியை அங்கே வேலைக்குப் போகிறவர்கள் நின்றபடியே தின்றுவிட்டுப் பஸ் பிடித்தார்கள். உப்பும் எள்ளுமாகத் தின்றபோதுதான் அந்த அரிசிக்கென்று ஒரு ருசி இருப்பது அவளுக்குத் தெரிந்தது. லேசான கொட்டை வாசனை. தேவகோட்டையில் சீனி அதை மூடியிருந்தது. இரண்டும் நல்ல சாப்பாடுதான். ஆனால் ஐம்பது வருடம் ஒன்றைத் தின்றுவிட்டு அதன் சொந்த ருசி தெரியாமல் இருந்தது அவளுக்கு வருத்தமாக இருந்தது.

ரங்கூனிலிருந்து பகானுக்குப் போனாள். அங்கே மியின்கபா என்ற கிராமம் அரக்கு வேலைக்குப் பேர்போனது. கூடவே வந்த கைடு பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். கன்னத்தில் தனாக்கா மரச் சாந்து பூசியிருந்தாள். பட்டறை என்பது வீட்டின் கீழ்த்தளம்தான். ஆண்கள் மூங்கிலை நாடா நாடாவாகச் சீவிச் சுருள் சுருளாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மூங்கில் இழைகளுக்கு நடுவே குதிரைமயிரைப் பின்னிக் கிண்ணம் செய்தார். முடிந்த கிண்ணம் ஒன்றை எடுத்து இரண்டு விளிம்பும் ஒன்றையொன்று தொடும் வரை அழுத்திக் காட்டினார். கையை எடுத்ததும் கிண்ணம் பழையபடி நிமிர்ந்தது.

பட்டறைப் பெரியவர் பட்டுத்துணியைப் பிரித்து மரவையை எடுத்தார். பேசவில்லை. தட்டிப் பார்த்தார். மூடியைத் திறந்து உள்ளே முகர்ந்தார். பிறகு விரலால் விளிம்பைத் தடவிக்கொண்டே போனவர், தழும்பு வந்த இடத்தில் நின்றார்.

“இது எங்களுடையது இல்லை” என்று கைடு மொழிபெயர்த்தாள்.

தழும்பில் இருப்பது அரக்கு என்று அவள் பெரியவருக்குச் சொன்னாள். பூச்சியிலிருந்து வருவது. புரசு, இலந்தை மரங்களில் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும் பூச்சி கசியவிடும் பிசின். எங்கள் ஊரில் நகைக்குள்ளும் அதைத்தான் ஊற்றுவோம், சூடு காட்டினால் இளகும். பெரியவர் தலையாட்டிவிட்டு எழுந்து போய் ஒரு ஜாடியைக் கொண்டுவந்தார். மேலே கறுப்பு ஆடை கட்டியிருந்தது. குச்சியால் அதை விலக்கினால் கீழே காபி நிறத்தில் பிசுபிசுப்பு. தித்சி. காட்டில் தித்சி மரத்தைக் கீறி எடுக்கும் பால். தொடாதீர்கள், கை கொப்பளிக்கும் என்றார். அவள் குனிந்து முகர்ந்தாள்.

கொஞ்சம் புகை, கொஞ்சம் பழைய எண்ணெய், கொஞ்சம் மழைக்கால மண். சாமான் அறையின் மூன்றாவது வாசனை. அவள் கண் நிறைந்ததைப் பார்த்துவிட்டுப் பெரியவர் ஜாடியை மெதுவாக மூடினார்; ஆவி பட்டுவிட்டதோ என்று பயந்தாராம்.

அதன்பிறகு வேலை முழுவதையும் காட்டினார். மூங்கில் கூட்டின்மேல் தித்சியும் சாம்பலும் கலந்த பசை. அது காய்ந்ததும் தேய்ப்பு, பிறகு வெறும் தித்சி, மறுபடி தேய்ப்பு, இப்படிப் படை படையாக. ஒவ்வொரு படையும் காய்வதற்கு வெயில் ஆகாது. நிலத்தடி அறைக்குள் வைக்கிறார்கள். இதைக் கேட்டதும் அவளுக்குள் இருந்த ஆசிரியை விழித்துக்கொண்டாள். தித்சி காய்வது தண்ணீர் வற்றுவதால் நடப்பதில்லை. மரப்பாலில் இருக்கும் லாக்கேஸ் என்ற நொதி காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்து இறுக்குவதால் நடப்பது. அந்த நொதி வேலை செய்ய ஈரப்பதம் வேண்டும். ஈரத்தில் காயும் பூச்சு! ஒரு படைக்கு ஒரு வாரம் ஆகலாம். நல்ல பெட்டி ஒன்றுக்கு ஆறு மாதமும் அதற்கு மேலும் ஆகும். ஒருமுறை இறுகிவிட்டால் சூட்டுக்கு இளகாது. ஆனால் நேர்வெயில் பட்டால் வெடிக்கும். “வெயில்ல வெச்சிராதே ஆத்தா.” ரங்கூனைப் பார்க்காத அப்பத்தாவுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது ஐயா, ஐயாவுக்குச் சொல்லிக்கொடுத்தது யாரோ ஒரு பர்மியக் கடைக்காரர்.

கீறும் வேலை பெண்களுடையது. முன்னால் வரைபடம் எதுவும் இல்லை. பெட்டியை மடியில் சாய்த்து, எழுத்தாணி போன்ற முனையால் நேரே கீறுகிறார்கள். ஒரு நிறத்துக்கான கோடுகள் எல்லாவற்றையும் கீறி, நிறத்தைத் தேய்த்து, பிசின் பூசி மூடி, மேலே படிந்ததைத் துடைத்தெடுத்த பிறகுதான் அடுத்த நிறத்துக்கான கீறல். பழைய நாளில் சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரம், பச்சைக்கு அரிதாரத்தோடு அவுரி நீலம். சாதிலிங்கம் சித்த மருந்துக் கடையில் விற்பது. அரிதாரம் கூத்துக்காரர்களின் முகப்பூச்சுக்குத் தமிழ் கொடுத்திருக்கும் சொல். அவளுக்கு அந்த மூன்று நிறமும் தமிழிலேயே தெரிந்திருந்தன. அவை பெட்டிமேல் இருந்தன என்பதுதான் தெரியாமல் இருந்தது. 1924 முதல் பகானில் இதற்கென்று அரசுப் பள்ளியே நடக்கிறது.

பெரியவர் மரவையின் உள்பக்கத்தைக் காட்டி ஏதோ சொன்னார். லப்பெட் ஓக், என்றாள் கைடு. லப்பெட் வைக்கும் பெட்டி.

லப்பெட் என்பது ஊறவைத்துப் புளிக்கவிட்ட தேயிலை. தேயிலையைக் குடிப்பதோடு நிற்காமல் தின்னவும் செய்கிறவர்கள் பர்மியர்கள். பெட்டியின் ஒரு குழியில் எண்ணெய் விட்ட இலை. மற்ற அறைகளில் வறுத்த பூண்டு, எள், நிலக்கடலை, பொரித்த பயறு, காய்ந்த இறால். விருந்தாளி வந்தால் முதலில் நீட்டுவது அதைத்தான். அரசர்கள் காலத்தில் வழக்குத் தீர்ந்தபின் இரண்டு தரப்பும் சேர்ந்து லப்பெட் தின்பார்கள். தின்றுவிட்டால் தீர்ப்பை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். அப்பத்தா விபூதி வைத்த குழியில் தேயிலையும், குங்கும அறையில் பூண்டும், களிப்பாக்கு அறையில் இறாலும் இருந்திருக்க வேண்டும்.

தழும்பைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் போட முடியுமா என்று கேட்டாள். முடியும், குறைந்தது மூன்று படை, நிலத்தடி அறையில் ஒரு மாதம் இருக்க வேண்டும் என்றார் பெரியவர். அவளுக்கு இரண்டே நாள்தான் இருந்தது. அவர் மறுபடி அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். எத்தனை வருடம் ஆயிற்று என்று கேட்டார். எழுபது இருக்கும் என்றாள். “எழுபது வருஷம் பிடித்து வைத்திருக்கிறதே, இருக்கட்டும்” என்றார்.

மறுநாள் நட்லாங் கோயிலுக்குப் போனார்கள். ஆயிரக்கணக்கான பௌத்தக் கோபுரங்களுக்கு நடுவே பகானில் நிற்கும் செங்கல் விஷ்ணு கோயில். பகானில் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. தொடக்கத்தில் வடமொழிச் சுலோகம், பிறகு தமிழ். மலைமண்டலத்து மகோதயர்பட்டணத்துக்காரரான குலசேகர நம்பி என்பவர், இங்கே இருந்த நானாதேசி விண்ணகருக்கு ஒரு மண்டபமும் ஒரு கதவும் ஒரு விளக்கும் கொடுத்த செய்தியைச் சொல்வது. நானாதேசி என்பது கடல்கடந்து வணிகம் செய்த கூட்டத்தின் பெயர். ஐயாவுக்கு எழுநூறு வருடம் முன்பே தமிழ் இங்கே வந்து, விளக்கொன்றை வைத்துவிட்டுப் போயிருக்கிறது. கோயிலுக்குள் இருட்டாக இருந்தது. அவள் அதிகநேரம் நிற்கவில்லை.

மதியம் ஒரு புளியமரத்தடிக் கடையில் உட்கார்ந்தார்கள். கைடு கேட்டாள்: “ஆன்ட்டி, உங்கள் தாத்தா எந்த ஊரில் இருந்தார்?”

“பியாப்போன்.”

அந்தப் பெண் கொஞ்சநேரம் தேநீர்க் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மாவின் ஊர் அதற்குப் பக்கத்துக் கிராமம். கொள்ளுத்தாத்தா காடு வெட்டிய நிலம் இருந்ததாம். கடன் வாங்கினார், நெல் விலை விழுந்த வருடம் நிலம் ஒரு செட்டியாரிடம் போயிற்று. அதன்பிறகும் அதே வயலில்தான் உழுதார், குத்தகைக்காரராக. எந்த வரப்பு தன் கையால் போட்டது என்று பாட்டிக்குக் காட்டிக்கொண்டே இருப்பாராம். அந்தப் பெண் குரலை உயர்த்தவில்லை. ஊர்க்கதை ஒன்றைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். எந்தச் செட்டியார் என்று அவளுக்குத் தெரியாது. ஐயாவின் கணக்குப் புத்தகத்தில் கரையான் தின்ற பக்கங்களில் யார் யார் இருந்தார்கள் என்று இவளுக்கும் தெரியாது.

தேவகோட்டையில் அந்தப் புத்தகங்களைப் பார்த்திருக்கிறேன் என்று மட்டும் அவள் சொன்னாள். பெயர்களைப் படித்தேன், ஒரு பெயரும் நினைவில் இல்லை என்றாள். அதைச் சொல்லாமல் இருக்க அவளால் முடியவில்லை.

கைடு எழுந்து கடைக்குள் போனாள். திரும்பி வந்தபோது கையில் சின்னச் சின்னப் பொட்டலங்கள். “பெட்டியை எடுங்கள். அதைக் காலியாக வைத்திருக்கக் கூடாது” என்றாள். பட்டுத்துணியைப் பிரித்து மூடியைத் திறந்ததும் குனிந்து பார்த்தாள். நடுக்குழியின் இடுக்கில் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

“இது என்ன?”

“சாம்பல். நெற்றியில் பூசுவது.”

“சாம்பலா?” அந்தப் பெண் முதல்முறையாகச் சிரித்தாள். “நேற்றுப் பார்த்தீர்களே, எங்கள் பசையிலும் அதுதான்.”

துடைக்கவில்லை. சாம்பலுக்கு மேல் ஒரு துண்டு வாழை இலை வைத்து, இலைமேல் லப்பெட்டை வைத்தாள். சுற்றிலும் பூண்டு, எள், கடலை, பயறு. இறால் பொட்டலத்தைப் பிரித்துவிட்டு, சாப்பிடுவீர்களா என்று பார்வையால் கேட்டாள். செட்டிநாட்டுக்காரி, சாப்பிடுவேன் என்றாள் அவள். ஆறாவது அறை காலியாக இருந்தது. கடைக்காரரிடம் கேட்டு அதில் உப்பு எள்ளைப் போட்டாள் அந்தப் பெண்.

இலை கசந்தது, பிறகு புளித்தது, பிறகு பூண்டோடு சேர்ந்து வேறொன்றாக மாறியது. அவள் மென்று விழுங்கும் வரை கைடு காத்திருந்தாள். பிறகுதான் தன் விரலைப் பெட்டிக்குள் விட்டாள்.